முதலில் அப்பா எழுந்தார்

மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் போன மாதம் வரைக்கும் எல்லாப் புருஷன்மாரும் யோக்கியர்களாகத்தான் நடமாடினார்கள். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டது ஒரு தமிழ் வகுப்பு.

வகுப்பு நடத்தியவள் கற்பகம், ரமேஷ்பாபுவின் மனைவி. சந்து முழுக்கப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகள் மலையாளப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தாலும் படித்துவிடும். தமிழில் சொந்தப் பெயரை எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் சனிக்கிழமை தோறும் சமூக மண்டபத்து மாடியில் பாய் விரித்து எல்லாவற்றையும் உட்கார வைத்தாள். ரமேஷ்பாபுவுக்கு அதில் பெருமைதான். சனிக்கிழமை காலையில் வீட்டில் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கலாம் என்பதில் இன்னும் கொஞ்சம் கூடுதல் பெருமை.

எழுத்தெல்லாம் முடிந்து, ஒரு நாளில் நடப்பதை வரிசையாகச் சொல்லும் பாடம் வந்தது. முதலில், பிறகு, அதன்பின், கடைசியாக. நாலு அட்டையில் நாலு வார்த்தையை எழுதி, துணி கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டாள் கற்பகம். ஒரு பிள்ளை எழுந்து தன் வீட்டுக் காலையை வரிசையாகச் சொல்ல வேண்டும். எதையாவது விட்டுவிட்டால் மற்ற பிள்ளைகள் இரண்டு தட்டு தட்டி, "நடுவுல என்ன?" என்று கத்த வேண்டும். பிள்ளைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறு என்ன வேண்டும்? மண்டபத்து ஓடு அதிர்ந்தது.

முதல் பலி பக்கத்து வீட்டு இசக்கிதுரை. அவர் மகன் சுஜித் எழுந்து நின்று, "முதலில் அப்பா எழுந்தார். பிறகு குளிக்கப் போனார். அதன்பின் துண்டு கட்டிக்கொண்டு வந்தார்" என்றான்.

டப் டப்! "நடுவுல என்ன?"

"நடுவுல அப்பா தரையில தண்ணி ஊத்தினார். முடியை மட்டும் நனைச்சார். சோப்பை ஈரமாக்கி வச்சார்" என்றான் அந்த அரிச்சந்திரன்.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அவன் அம்மா பேச்சி அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றாள். அன்றைக்குச் சாயங்காலமே இசக்கிதுரையைப் பின்கட்டில் உட்கார வைத்து அவளே தண்ணீர் ஊற்றினாள் என்று கேள்வி.

மறுநாள் காலையில் இசக்கிதுரை ரமேஷ்பாபுவை வழிமறித்தார். ஆள் பளபளவென்று இருந்தார். முகத்தில்தான் களை இல்லை.

"தம்பி, உங்க வீட்டம்மா பாடம் நடத்துதாவளா, போலீஸ் ஸ்டேஷன் நடத்துதாவளா?"

"அண்ணாச்சி, சின்னப் பிள்ளைங்க ஏதோ..."

"சின்னப் பிள்ளைங்களா? சிரிக்காதீய. அடுத்த ஞாயித்துக்கிழமை தாய் தகப்பன் எல்லாரையும் உக்கார வச்சு, பிள்ளைகளைப் பேசச் சொல்லப் போறாவளாம். தெரியுமா? 'எங்க வீட்டுக் காலை'யாம் தலைப்பு. முதல் ஆளு யாரு? உங்க மக ஸாதனா."

ரமேஷ்பாபுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

காரணம் இருந்தது. அவனுக்கு உடம்பில் சர்க்கரை ஏறிப்போய் வருஷம் ஒன்று ஆகிறது. டாக்டர் சொன்ன அன்றே கற்பகம் சமையலறையைக் கையில் எடுத்தாள். காலையில் வெந்தயத் தண்ணீர். அப்புறம் முளைகட்டின பயறு. சாயாவில் சர்க்கரை கிடையாது. அவனும் முகத்தைத் தியாகி மாதிரி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்குவான். விழுங்கிவிட்டு, "பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே ஐலண்டுக்குப் போறேன்" என்று ஸ்கூட்டரை எடுப்பான். வில்லிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் அவனுக்கு வேலை. ஆனால் வண்டி நேரே ஸ்கூலுக்குப் போகாது. திருப்பத்தில் ஹம்ஸக்கா என்ற பெரியவரின் சாயாக்கடை இருக்கிறது. நேந்திரம்பழத்தை நீளமாகச் சீவி, மாவில் தோய்த்துப் பொன்னிறமாகப் பொரித்த பழம்பொரி. அடியில் சர்க்கரை கரையாமல் நிற்கிற சாயா. ஸாதனாவுக்கும் ஒரு பழம்பொரி, வாயைத் திறக்காமல் இருப்பதற்கு. அந்த ஒரு மணி நேரம்தான் அவன் மனிதனாக வாழ்ந்த நேரம். மிச்ச நேரமெல்லாம் அவன் சர்க்கரை நோயாளி.

கற்பகம் ஒருநாள் தெளிவாகவே சொல்லியிருந்தாள். "இத பாருங்க. நீங்க வெளியில எங்கயாச்சும் இனிப்பைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சா, நான் சண்டை போடமாட்டேன். எங்க வெங்கிட்டு அண்ணனை வரச் சொல்லிடுவேன்."

திருப்பூணித்துறையில் இருக்கும் வெங்கிட்டு ஒரு யோகா பைத்தியம். விடியுமுன் எழுந்து மூக்கை அடைத்து அடைத்து மூச்சு விடுவார். கூட இருப்பவர்களையும் விட வைப்பார். இரண்டே அறையுள்ள வீட்டில் அந்த மச்சானோடு குடித்தனம் என்று நினைத்தாலே ரமேஷ்பாபுவுக்கு மூச்சு தானாக அடைத்துக்கொள்ளும்.

ஸாதனா இதுவரை காட்டிக் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இப்போது ஊரே கேட்கப் போகிறது, அதுவும் கைதட்டி.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது ரமேஷ்பாபு தொண்டையைச் செருமினான்.

"கற்பகம், ஞாயித்துக்கிழமைக்குப் பாப்பாவை நான் தயார் பண்றேன்."

கரண்டி நின்றது. "நீங்களா?"

"ஏன், எனக்குத் தமிழ் தெரியாதா?"

"தெரியாம என்ன. போன வருஷம் பள்ளிக்கூட விழாவுக்கே வராம கிடங்குல வேலைன்னு இருந்துட்டீங்களேன்னு பார்த்தேன்."

"அதான் இந்த வருஷம் ஈடுகட்டறேன். நீ டீச்சர். நீயே சொல்லிக்குடுத்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"சரிங்க. நீங்களே பாருங்க. நான் குறுக்கே வரமாட்டேன்" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி பயறு போட்டாள். இவ்வளவு சுலபமாக மனைவி ஒப்புக்கொண்டால் எந்தப் புருஷனும் உஷாராகியிருக்க வேண்டும். இவன் சந்தோஷப்பட்டான்.

மறுநாள் சாயங்காலம் கற்பகம் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பயிற்சி ஆரம்பமானது.

"சொல்லு கண்ணு. முதலில் அப்பா எழுந்தார். பிறகு நான் எழுந்தேன்."

"நடுவுல அம்மா உங்களை மூணு தடவை திட்டுவாங்களே?"

"அது வேண்டாம். அதன்பின் அப்பாவுடன் ஸ்கூலுக்குப் போனேன்."

ஸாதனா தானே இரண்டு தட்டு தட்டினாள். "நடுவுல என்ன? ஹம்ஸக்கா கடை!"

ரமேஷ்பாபு ஓடிப்போய் ஜன்னலையும் சாத்தினான். "மெதுவா! அதை விட்டுடு."

"விட முடியாதுப்பா. நாம சீக்கிரமே கிளம்பிடறோம். ஸ்கூல் மணி அடிக்கறப்பதான் போய்ச் சேர்றோம். தினமும் நம்ம வண்டி முன்னால கிளம்பறதை சுஜித் பார்த்துக்கிட்டே இருக்கான். அவன் கேப்பான்."

கேட்பான்தான். அப்பனையே காட்டிக் கொடுத்தவன் அடுத்த வீட்டுக்காரனை விடுவானா? ரமேஷ்பாபு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். ஓட்டை விழுந்தால் அடைக்க வேண்டும். காலையில் ஒரு நிமிஷம்கூடக் காலியாகத் தெரியக் கூடாது. வண்டியில் போனால் நேரம் மிஞ்சும், நடந்தே போனதாக வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் கிளம்பவில்லை, வீட்டில் வேலை பார்த்துவிட்டுத்தான் கிளம்பியதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

"இப்ப சொல்லு. முதலில் அப்பா எழுந்தார். பிறகு வாசல் பெருக்கினார்."

"யார் அப்பா?"

"உன் அப்பாதான். சொல்லு. அதன்பின் குழாயடியில் தண்ணீர் பிடித்தார்."

"இது பொய்யாப்பா?"

"பொய் இல்ல கண்ணு. பயிற்சி."

ஆரம்பித்த பிறகு அவனுக்கே கை நிற்கவில்லை. தோசை சுட்டார் என்று சேர்த்தான். சும்மா தோசை எதற்கு, சட்னியும் அரைத்தார். பாத்திரம் துலக்கினார். மகளுக்குத் தலை பின்னிவிட்டார், ரெட்டை ஜடை. அம்மாவை எழுப்பாமல் தூங்கவிட்டார். கேட்கக் கேட்க அந்த அப்பாவை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்படிப்பட்ட ஒருத்தனைக் கட்டிக்கொண்டு கற்பகம் ஏன் எப்போதும் முணுமுணுக்கிறாள் என்று கோபம்கூட வந்தது.

ஆனால் பிள்ளை மூளை லேசில் ஏமாறுமா? வியாழக்கிழமை சொல்லிக்கொண்டே வந்தவள், "ரெட்டை ஜடை பின்னினார், அதன்பின் பழம்பொரி" என்றாள். வெள்ளிக்கிழமை சட்னி அரைத்த கையோடு ஹம்ஸக்கா வந்து நின்றார். சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கற்பகம், "எங்கே பாப்பா, அப்பா சொல்லிக்குடுத்ததைச் சொல்லு பாப்போம்" என்று ஆரம்பிக்க, ரமேஷ்பாபுவுக்குப் புரையேறியது.

"இப்ப வேண்டாம்! தொண்டை கட்டிக்கும் குழந்தைக்கு."

"நாலு வரிக்கா தொண்டை கட்டும்?"

"நாலு வரியா? நல்லா பெருசாவே வச்சிருக்கேன்."

"அப்படியா?" என்றாள் கற்பகம். "நாளைக்கே கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ரமேஷ்பாபு உள்ளே நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டது முன்வரிசையில் ஒரு சுருட்டிய பாய். பாய்க்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்த முதுகோடு வெங்கிட்டு.

"மச்சான்! நீங்க எங்க இங்க?"

"கற்பகம் வரச் சொன்னா, மாப்பிள்ளை. பிள்ளை பேசறதைக் கேட்டுட்டு, தேவைப்பட்டா ஒரு ஆறு மாசம் இருந்துட்டுப் போன்னு சொன்னா. நான் எதுக்கும் பெட்டியோடவே வந்துட்டேன்."

ரமேஷ்பாபு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தேவைப்பட்டா என்றால் என்ன அர்த்தம்? அவளுக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்திருந்தால் இப்படியா சிரித்துக்கொண்டு மைக்கைத் தட்டுவாள்?

"முதலில் ஸாதனா" என்றாள் கற்பகம்.

ரெட்டை ஜடையோடு ஸாதனா வந்து நின்றாள். கொடியில் நாலு அட்டையும் ஆடிக்கொண்டிருந்தன. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கையைத் தட்டத் தயாராக வைத்திருந்தார்கள். அதிலும் அந்த சுஜித் முட்டி போட்டே நிமிர்ந்து நின்றான்.

"முதலில் அப்பா எழுந்தார். பிறகு வாசல் பெருக்கினார்."

பெண்கள் பக்கம் சலசலப்பு. "எந்தா? ரமேஷ்பாபுவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதன்பின் குழாயடியில் தண்ணீர் பிடித்தார். பிறகு தோசை சுட்டார். சட்னி அரைத்தார். அம்மாவை எழுப்பாமல் தூங்கவிட்டார்."

"அட என் சாமி!" என்றாள் பேச்சி. சொல்லிவிட்டுத் திரும்பி இசக்கிதுரையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"பிறகு பாத்திரம் துலக்கினார். எனக்கு ரெட்டை ஜடை பின்னினார். அதன்பின்..."

நின்றுவிட்டாள். ரமேஷ்பாபுவின் மூச்சும் நின்றது. போச்சு. இந்த இடத்தில்தான் எப்போதும் பழம்பொரி வரும். அவன் உதட்டை மட்டும் அசைத்து 'நடந்து, நடந்து' என்றான். வெங்கிட்டு திரும்பி, "என்ன மாப்பிள்ளை, மூச்சுப் பயிற்சியா?" என்றார்.

"அதன்பின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்கு நடந்தே போனார்."

டப் டப்! சுஜித்தான். "நடுவுல என்ன? நீங்க வண்டியிலதான போவீங்க? நான் பார்த்திருக்கேன்!"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. இதற்குப் பதில் சொல்லித் தரவில்லையே பாவி! ரமேஷ்பாபு கண்ணை மூடிக்கொண்டான். வெங்கிட்டு பெட்டியைத் திறந்து பல் துலக்கும் பிரஷ்ஷை அவன் குளியலறையில் வைப்பது அவனுக்கு அப்படியே தெரிந்தது.

ஸாதனா அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் கணீரென்று சொன்னாள்:

"அது போன வாரம். நாளையிலேருந்து நடந்துதான் போவோம். டாக்டர் நடக்கச் சொன்னார்ல, அதனால அப்பா வண்டிச் சாவியை அம்மாகிட்ட குடுத்துட்டார்."

கைதட்டல் கிளம்பியது பாருங்கள், கீழே சந்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ரமேஷ்பாபு கண்ணைத் திறந்தான். தப்பித்தோம்! என் மகள்டா! என்ன மூளை, என்ன சமயோசிதம்! யார் சொல்லிக் கொடுத்தது இவளுக்கு என்று கேட்கத் தோன்றவே இல்லை அந்த மடையனுக்கு.

வெங்கிட்டு எழுந்து அவனைக் கட்டிப் பிடித்தார். "மாப்பிள்ளை, உங்களுக்கு நான் எதுக்கு? நான்தான் உங்ககிட்ட வந்து படிக்கணும்" என்று பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். படியிறங்கும்போது இசக்கிதுரை மட்டும் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "நல்லா இருப்பீய தம்பி. நான் குளிச்சாப் போதும்னு இருந்தா பேச்சி. இப்ப தோசை சுடவும் சொல்லுதா."

அன்றைக்கு ரமேஷ்பாபு ராஜா மாதிரி தூங்கினான்.

இன்னும் வெளுக்கவில்லை. யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஓர் அட்டை. 'முதலில்' என்று எழுதியிருந்தது. அட்டைக்குப் பின்னால் ஸாதனா.

"முதலில் அப்பா எழுந்தார்" என்றாள்.

"என்னடா கண்ணு இது, விழாதான் முடிஞ்சுபோச்சே. போய்ப் படு."

"பிறகு வாசல் பெருக்கினார்." விளக்குமாறு தயாராகக் கட்டிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்தில் கற்பகம் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு கிடந்தாள். போர்வையை உலுக்கினான். "கற்பகம்! இவளைப் பாரு."

"என்னை எழுப்பக் கூடாதுங்க" என்றது போர்வை. "தூங்கவிட்டார்னு வருது."

"அட, அது வந்து... குழந்தை கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டா."

"அப்படியா?" போர்வை அசையவே இல்லை. "அப்ப எது கூட்டினது, எது நடந்ததுன்னு நீங்களே வரிசையா சொல்லுங்களேன். முதல்ல வீட்டை விட்டுக் கிளம்பினீங்க. பிறகு? திருப்பத்துல வண்டி நின்னுதா? அதன்பின்?"

ரமேஷ்பாபு மெள்ள விளக்குமாற்றை எடுத்தான்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று வாசலைத் தாண்டுமுன் கேட்டுப் பார்த்தான்.

"யூனிஃபார்ம்ல தினமும் எண்ணெய்க் கை. துவைக்கறவளுக்குத் தெரியாதா? நீங்க பயிற்சி ஆரம்பிச்ச அன்னிக்கே பாப்பா வந்து கேட்டா. 'அம்மா, நடக்காததை எப்படிம்மா வரிசையா சொல்றது?'ன்னு. நான்தான் சொன்னேன். 'அப்பா சொல்றதை அப்படியே சொல்லும்மா. சொன்னப்புறம் நடத்திக்கலாம்.'" அவ்வளவு சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

பெருக்கினான். குழாயடியில் குடத்தோடு நின்றான். அங்கே பெண்களுக்கு நடுவில் முழிபிதுங்க இன்னொரு குடம் நின்றது. இசக்கிதுரை. தோசை கல்லில் ஒட்டியது, சட்னியில் உப்பு கூடியது. ரெட்டை ஜடையில் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது பிடரியிலேயும் முளைத்தது. பாத்திரம் துலக்காமல் நைஸாக நழுவப் பார்த்தபோது, உள்ளே இருந்து நாலு கை தட்டும் சத்தம் கேட்டது. "நடுவுல என்ன?"

வண்டிச் சாவி ஆணியில் இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். திருப்பம் வந்தது. எண்ணெய் வாசனை முன்னாலேயே வந்து மூக்கைத் தொட்டது. இந்த ஒன்றையாவது யாரும் பிடுங்க முடியாது என்று அவன் நடை தானாக வேகமெடுத்தது.

"எந்தா பாபு, நடந்நோ?" என்று ஹம்ஸக்கா வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார். "வா வா, சூடு பழம்பொரி உண்டு!"

ரமேஷ்பாபு கையை நீட்டினான். சின்னக் கை ஒன்று அதைக் கீழே இறக்கியது.

"அப்பா, இது உங்க வரிசையில இல்ல."

"சத்தமில்லாம ஒரே ஒரு வாய், கண்ணு. நம்ம பழைய கணக்குதான். உனக்கும் ஒண்ணு."

ஸாதனா அதற்குள் ஹம்ஸக்காவிடமிருந்து இலையை வாங்கி, ஊதி ஊதி ஒரு கடி கடித்திருந்தாள்.

"எனக்கு இருக்குப்பா. 'கடைசியாக ஸாதனா பழம்பொரி சாப்பிட்டாள், அப்பா பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.' அம்மா நேத்தே சேர்த்துட்டாங்க."